நெட்டு மேல போட்ட பழி: கோத்தகிரியில ஒரு பைதான் லைப்ரரிக்கு லோக்கல் செட்டப் போட்ட அனுபவம்

பின்னணி

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிங்க குழு ஒண்ணுக்கு மழை ரெஜிஸ்டரை கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுக்குற வேலைய நான் ஒரு உதவியா செஞ்சுட்டு வர்றேன். எஸ்டேட் பழக்கத்துல இங்க நெறைய பேரு மழைய இன்ச்சு சென்ட்டுலதான் எழுதுவாங்க. 100 சென்ட் ஒரு இன்ச், ஒரு இன்ச்னா 25.4 மில்லிமீட்டர். கணக்கு சுலபந்தான், ஆனா கையெழுத்து சுலபம் இல்ல. ஒரு ரெஜிஸ்டர்ல 2.5னு இருந்தா அது ரெண்டரை இன்ச்சா, இல்ல ரெண்டு இன்ச்சு அஞ்சு சென்ட்டா? முதல்ல சொன்னது 63.5 மில்லிமீட்டர், ரெண்டாவது 52.07. எழுதினவர கேட்டாதான் தெரியும், சில ரெஜிஸ்டர எழுதினவர் இப்ப இல்ல, அப்ப முன்ன பின்ன பக்கத்தைப் புரட்டி அவர் வழக்கம் என்னனு பாக்கணும். இதுபோக காலைல எட்டரைக்கு அளக்குற மழைய சிலர் அன்னிக்குத் தேதியில எழுதுவாங்க, சிலர் முந்தின நாள் மழைதானேன்னு முந்தின தேதியில எழுதுவாங்க.

இதுக்கெல்லாம் பைதான்ங்கற புரோகிராம் மொழியில நான் எழுதி வச்சிருந்த ஒரு ஸ்கிரிப்ட் மூணு இடத்துக்குப் போயிருச்சு. குழு ஆபீஸ் வேலைக்கு என்கிட்ட ஒண்ணு, ஊட்டியில காலேஜ் படிக்கிற எங்க ஊர் தங்கச்சி ப்ராஜெக்டுக்குன்னு காப்பி பண்ணிட்டுப் போனது ஒண்ணு, கொடைக்கானல்ல ஸ்கூல் மாடியில மழைமானி வச்சு அளக்குற ஒரு வாத்தியார் வாங்கினது ஒண்ணு. சென்ட் தப்பை என்னோடதுல திருத்துவேன், மத்த ரெண்டுல அப்படியே இருக்கும். 2024 அக்டோபர்ல, வடகிழக்கு மழை ஆரம்பிச்ச நேரம், போதும்டா சாமின்னு இதை ஒரே லைப்ரரியா, அதாவது மத்த புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்துற பொதுக் கோடா மாத்தி மூணு பேரும் அதையே இன்ஸ்டால் பண்ணிக்கலாம், மூணு பேரும் அதுல கோடும் எழுதலாம்னு முடிவு பண்ணினோம். லைப்ரரி கோடு என்கிட்ட பாதி ரெடி. மிச்சம் இருந்தது எல்லாரோட மெஷின்லயும் அதை டெவலப் பண்ற மாதிரி செட்டப் போடுறது. அரை நாள் வேலைன்னு நெனச்சோம், மூணு வாரம் ஆச்சு.

முதல் சனிக்கிழமை

தங்கச்சி லேப்டாப்ல உபுண்டு 24.04, அதோட வர்ற பைதான் 3.12. காலைல இருந்து மழை, டவர் ஒரு புள்ளி ரெண்டு புள்ளின்னு ஆடிட்டு இருக்கு. ரெபோவ, அதாவது கோடு மொத்தமும் இருக்குற இடத்தை, குளோன் பண்ணி (தன் மெஷினுக்கு காப்பி எடுத்து) ஃபோல்டருக்குள்ள போய், பைதான் பேக்கேஜ் ஏத்துற பிப் டூலுக்கு பிப் இன்ஸ்டால் டாட்னு அடிச்சா சிவப்பு எழுத்துல எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்னு ஒரு எரர். எனக்கு போன் பண்ணுச்சு. "ணா, நெட்டு போயிருச்சு போல, இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது." நானும் ஸ்கிரீன்ஷாட் கூட கேக்காம "ஆமா, இங்கயும் அப்படித்தான், சாயந்தரம் பாரு"ன்னு சொல்லிட்டேன். இதுதான் முதல் தப்பு, அது என் மேல.

அந்த எரருக்கும் நெட்டுக்கும் சம்பந்தமே இல்ல. உபுண்டுவோட சொந்த டூல்ஸ் பலதும் அந்த சிஸ்டம் பைதான நம்பித்தான் ஓடுது, அதுல நாம பிப் வச்சு கண்டதையும் ஏத்தினா அது ஒடையும், அதனால உபுண்டு 23.04ல இருந்து பிப்பை வாசல்லயே நிறுத்துறாங்க. எரர் மெசேஜ்லயே வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (சுருக்கமா வென்வ், ஒரு ப்ராஜெக்டுக்குன்னு தனி பைதான் ஃபோல்டர்) போட்டுக்கோன்னு வழியும் சொல்லியிருக்கும். ஆனா அதே மெசேஜ் கடைசியில பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்னு ஒரு ஆப்ஷனையும் சொல்லும், சாயந்தரம் டவர் வந்ததும் தங்கச்சி அதைத்தான் போட்டுச்சு. ஓடிருச்சு. லைப்ரரி, டெஸ்ட் ஓட்டுற டூலான பைடெஸ்ட் ரெண்டுமே ஹோம்ல இருக்குற டாட் லோக்கல் ஃபோல்டருக்குள்ள போய் உக்காந்துருச்சு. எனக்கு "ஆயிருச்சுணா"ன்னு மெசேஜ் வந்துச்சு, நானும் கட்டை விரல் போட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சுதான் எப்படி இன்ஸ்டால் பண்ணினேன்னு பேச்சு வாக்குல சொல்லுச்சு. ஐயோ அப்படிப் பண்ணாதம்மா, வென்வ் போடுன்னு சொன்னேன். உபுண்டுல வென்வுக்கு பைதான்3 வென்வ்னு தனி பேக்கேஜ் ஏத்தணும், அதை ஏத்தி, வென்வ் போட்டு, ஆக்டிவேட் பண்ணி, பிப் இன்ஸ்டால் மைனஸ் இ டாட் போட்டு எடிட்டபிளா, அதாவது கோட திருத்தினா அதுவே நேரா ஓடுற மாதிரி, இன்ஸ்டால் பண்ணுச்சு. எல்லாம் சரியாத்தான் செஞ்சுச்சு. பழச அழிக்கச் சொல்ல நான் மறந்துட்டேன்.

ஒரே கோடு, ரெண்டு ரிசல்ட்

அடுத்த வாரம் தங்கச்சி சென்ட் பிரச்சனைய எடுத்துச்சு. நல்ல யோசனை ஒண்ணு, மழை அளவை நம்பரா படிக்காம எழுத்தாவே படிச்சு, புள்ளிக்கு அப்புறம் ஒரு இலக்கம்தான் இருந்தா ஸ்டேஷன் லிஸ்ட்ல அந்த ரெஜிஸ்டரோட வழக்கம் என்னனு பார்த்து முடிவு பண்றது. ஸ்டேஷன் லிஸ்ட்ங்கறது ஒரு சின்ன சிஎஸ்வி ஃபைல், எந்த ரெஜிஸ்டர் எந்த வழக்கம், தேதி எப்படின்னு அதுல இருக்கும். இந்த ஃபைல் பின்னாடி வேற ஒரு வேலை வைக்கும்.

கோட எழுதி, அதுக்கு டெஸ்ட்டும் எழுதி ஓட்டுனா ஃபெயில். 52.07 வரணும், 63.5தான் வருது. அதே கோட நான் புல் பண்ணி (ரெபோவுல இருந்து இறக்கி) ஓட்டுனா எல்லாம் பாஸ். "உனக்கு புல் பாதியில நின்னுருக்கும், நெட்டு அந்த மாதிரி, மறுபடி குளோன் பண்ணு"ன்னேன். இத்தனைக்கும் கோட எழுதினதே அதுதான், எழுதினவங்க மெஷின்ல எப்படி பாதி கோடு இருக்கும்னு கூட எனக்குத் தோணல. கோட இப்படி இறக்கித் தர்ற கிட் டூல் பாதி ஃபைல வச்சுட்டு கம்முனு இருக்குற ஆளும் இல்ல, எடுத்தா முழுசா எடுக்கும், இல்லேன்னா எரர் குடுக்கும். ஆனாலும் அந்த மழையில டவர் தேடி வீட்டு மாடிக்கும் ரோட்டுக்கும் நடந்து மூணு தடவ குளோன் பண்ணுச்சு. அதே 63.5.

நாலாவது தடவதான் நான் கொஞ்சம் யோசிச்சு, டெஸ்ட் ஃபைல் மேல ரெண்டு வரி போடச் சொன்னேன். ஒண்ணு எந்த பைதான் ஓடுதுன்னு பிரிண்ட் பண்றது, இன்னொண்ணு லைப்ரரிய இம்போர்ட் பண்ணிட்டு அதோட டபுள் அண்டர்ஸ்கோர் ஃபைல, அதாவது அது எந்த இடத்துல இருந்து வருதுங்கறத, பிரிண்ட் பண்றது. வந்த பாத் ப்ராஜெக்ட் ஃபோல்டரே இல்ல, டாட் லோக்கலுக்குள்ள பைதான் 3.12 சைட் பேக்கேஜஸ். அதாவது முதல் சனிக்கிழமை ஏத்தின பழைய காப்பி. இவ்ளோ நாளும் தங்கச்சி திருத்தினது ஒரு கோட, டெஸ்ட் பண்ணினது இன்னொரு கோட.

எப்படின்னா, வென்வுக்குள்ள லைப்ரரிய ஏத்தினோமே தவிர பைடெஸ்ட்ட ஏத்தல, ஏன்னா லைப்ரரிக்கு என்னென்ன வேணும்னு எழுதுற எங்க பைப்ராஜெக்ட் டாம்ல் ஃபைல்ல டெவலப்பர்ங்களுக்கு என்ன வேணும்னு நான் எழுதவே இல்ல. ஆக்டிவேட் பண்றதுங்கறது பெருசா ஒண்ணும் இல்ல, கமாண்ட தேடுற ஃபோல்டர் லிஸ்டான பாத்ல வென்வ் ஃபோல்டர முன்னாடி வைக்கிறது, அவ்ளோதான். அங்க பைடெஸ்ட் இல்லேன்னா நாம கமாண்ட் அடிக்கிற ஷெல் அடுத்த இடத்துல தேடும், டாட் லோக்கல்ல கிடைச்சுது, அது சிஸ்டம் பைதான்ல ஓடுற பைடெஸ்ட், அது பழைய லைப்ரரியத்தான் பாக்கும். விச் பைடெஸ்ட்னு ஒரு தடவ அடிச்சிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்.

சரி, எனக்கு ஏன் பாஸ் ஆச்சு? என் செட்டப் சரியா இருந்ததனாலன்னு ஒரு நாள் முழுக்க பெருமையா இருந்தேன். இல்ல. நான் பழக்கத்துல பைதான் மைனஸ் எம் பைடெஸ்ட்னு அடிப்பேன், அப்படி அடிச்சா நாம நிக்கிற ஃபோல்டரும் இம்போர்ட் பாத்ல சேர்ந்துரும், லைப்ரரி ஃபோல்டர் ரெபோவோட மேல் மட்டத்துலயே இருந்ததால அங்க இருந்தே எடுத்துக்கிச்சு. என் வென்வ்ல லைப்ரரிய நான் இன்ஸ்டால் பண்ணவே இல்ல. ரெண்டு பேருமே இன்ஸ்டால் ஆன புதுக் கோட டெஸ்ட் பண்ணல, எனக்கு அதிர்ஷ்டம் இருந்துச்சு, அதுக்கு இல்ல.

கொடைக்கானல்ல இருந்து வந்த எரர்

இதுக்கு நடுவுல வாத்தியாருக்கு வீல் ஃபைல் ஒண்ணு, அதாவது லைப்ரரிய இன்ஸ்டால் பண்ற பொட்டலம், பில்டு பண்ணி வாட்ஸாப்ல அனுப்பியிருந்தேன். அவர்கிட்ட விண்டோஸ் 10. சில கேபி ஃபைல்தான், இன்ஸ்டால் ஆச்சு, இம்போர்ட் பண்ணினதும் ஸ்டேஷன் லிஸ்ட் சிஎஸ்வி காணோம்னு எரர். "தம்பி, நம்ம ஊரு நெட்டு தெரியும்ல, பாதி ஃபைல்தான் எறங்கியிருக்கும், இன்னொரு தடவ அனுப்புங்க"ன்னாரு. அனுப்பினேன். அதே எரர்.

இந்த தடவ நெட்ட நம்பல. வீல்ங்கறது பேரு மட்டும்தான் வேற, உள்ள அது ஜிப் ஃபைல். பாதி எறங்கியிருந்தா பிப் அதைத் தொறக்கவே முடியாம அங்கயே கத்தியிருக்கும். என் மெஷின்ல இருந்த அதே வீல ஆர்க்கைவ் மேனேஜர்ல தொறந்து பார்த்தேன். நாலு பைதான் ஃபைல், மெட்டாடேட்டா ஃபோல்டர், அவ்ளோதான். சிஎஸ்வி இல்ல. அனுப்புனப்பவே இல்ல. வீல கட்டித் தர்ற செட்அப்டூல்ஸ் பைதான் ஃபைல்கள தானா சேர்த்துக்கும், பக்கத்துலயே சிஎஸ்வி இருந்தாலும் பேக்கேஜ் டேட்டான்னு நாம சொல்லாட்டி அதை வீல்ல போடாது. என் மெஷின்ல ஃபோல்டர்ல இருந்தே ஓடுனதால ஃபைல் எப்பவும் அங்க இருந்துச்சு, அதனால இத்தனை மாசமும் எனக்குத் தெரியவே இல்ல.

வாத்தியார்கிட்ட தப்பு என்னோடது சார்னு சொன்னேன். "பரவால்ல தம்பி, நானும் நாலு தடவ மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்"னாரு.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

முதல்ல லைப்ரரி ஃபோல்டர எஸ்ஆர்சின்னு ஒரு ஃபோல்டருக்குள்ள தள்ளினோம். அப்படி வச்சா ரெபோவுல நின்னு டெஸ்ட் ஓட்டினாலும் சும்மா இம்போர்ட் ஆகாது, இன்ஸ்டால் பண்ணியே ஆகணும். மாத்தின அன்னிக்கே என் மெஷின்லதான் மாட்யூல் நாட் ஃபவுண்ட்னு வந்துச்சு. வலிச்சாலும் வேண்டியதுதான். சின்ன லைப்ரரிக்கு எதுக்கு இந்த அடுக்குன்னு கேக்குறவங்க இருக்காங்க, தனியா ஒரே மெஷின்ல வேலை பாத்தா நானும் அதையேதான் கேப்பேன்.

சிஸ்டம் பைதான்ல ஏறியிருந்தத எடுத்தோம், அதுக்கும் அதே பிரேக் ஆப்ஷன் போட்டுத்தான் அன்இன்ஸ்டால் பண்ண வேண்டியிருந்துச்சு. பைடெஸ்ட், வீல் கட்டுற பில்டு டூல் ரெண்டையும் டெவ்னு ஒரு எக்ஸ்ட்ராவா (கேட்டா மட்டும் ஏறுற லிஸ்ட்) டாம்ல் ஃபைல்ல எழுதினோம், இப்ப ஒரே கமாண்ட்ல லைப்ரரியும் எடிட்டபிளா ஏறும், டெவலப்மென்ட் சாமானும் ஏறும். டேபிள் டேட்டாவுக்கான பாண்டாஸ் லைப்ரரி இதுவரைக்கும் கட்டாயமா இருந்துச்சு, அதை விருப்பம் இருக்கறவங்க போட்டுக்கிற எக்ஸ்ட்ராவா மாத்தினேன், ஏன்னா சிஎஸ்வி படிக்க பைதான்லயே மாட்யூல் இருக்கு, பாண்டாஸும் அதோட கூடவே வர்ற நம்பையும் சேர்ந்தா பல எம்பி, அத்தன எம்பிய இந்த மலையில இறக்குறது எவ்ளோ கஷ்டம்னு இறக்கிப் பாத்தவங்களுக்குத் தெரியும். மழைமானிக் கணக்குக்கு அது தேவையும் இல்ல. வெர்ஷன் நம்பர்களையும் இறுக்கிக் கட்டல, குறைஞ்சபட்சம் இவ்ளோன்னு மட்டும். நம்ம லைப்ரரிய வேற ஒருத்தர் தன் ப்ராஜெக்ட்ல போடுவாரு, நாம ஒரே வெர்ஷன்தான்னு அடம்பிடிச்சா அவரோட மத்த பேக்கேஜோட சண்டை வரும்.

ஆக்டிவேட் பண்ணச் சொல்லித் தர்றதையே விட்டுட்டோம். வாத்தியார் மெஷின்ல பவர்ஷெல் அந்த ஸ்கிரிப்ட்டையே ஓட விடல, தங்கச்சி மெஷின்ல ஆக்டிவேட் பண்ணியும் ஏமாந்தோம். அதுக்குப் பதிலா டாட் வென்வுக்குள்ள இருக்குற பைதானையே நேரா கூப்பிட்டு மைனஸ் எம் பிப், மைனஸ் எம் பைடெஸ்ட்னு போடுறது. உள்ள பைடெஸ்ட் இல்லேன்னா இல்லன்னு நேரா சொல்லும், பக்கத்து வீட்டுல போய் கடன் வாங்கிட்டு வராது.

சிஎஸ்விய பேக்கேஜ் டேட்டால சேர்த்து, பேக்கேஜுக்குள்ள இருக்குற ஃபைல எடுக்குற இம்போர்ட்லிப் ரிசோர்சஸ் வழியா படிக்கிற மாதிரி மாத்தினோம். ஆனா இதுல ஒரு விஷயம் தங்கச்சிதான் புடிச்சுச்சு. "ணா, எடிட்டபிள்ல இன்ஸ்டால் பண்ணா அது எஸ்ஆர்சி ஃபோல்டரத்தானே காட்டுது, அப்ப சிஎஸ்வி வீல்ல விட்டுப்போனா மறுபடியும் நமக்குத் தெரியாதே?" உண்மை. எஸ்ஆர்சி போட்டதோட முடிஞ்சுதுன்னு நான் நெனச்சிருந்தேன். அதனால ரெண்டு வென்வ் வச்சோம். ஒண்ணு அன்றாட வேலைக்கு எடிட்டபிள். இன்னொண்ணு யாருக்காவது அனுப்புறதுக்கு முன்னாடி புதுசா போட்டு, பில்டு பண்ணின வீல அதுல ஏத்தி, டெஸ்ட்ட ஓட்டி, அழிச்சுடுறது. இந்த ரெண்டாவதுதான் வாத்தியார் மெஷின் மாதிரி.

பென் டிரைவ்

காலேஜ் லேப்ல டெமோ காட்டணும், அங்க விண்டோஸ், நெட் கிடையாது. தங்கச்சி முதல்ல தன் டாட் வென்வ் ஃபோல்டரையே பென் டிரைவ்ல காப்பி பண்ணுச்சு. லினக்ஸ் வென்வ் விண்டோஸ்ல ஓடாது, ஒரே ஓஎஸ்ஸா இருந்தாலும் அதுல பழைய பாத் எழுதி வச்சிருக்கும், இடம் மாத்தினா சரிவராது. அதனால ஒரு நல்ல டவர் இருந்த ராத்திரி நான் பிப் டவுன்லோட் வச்சு வீல்களையெல்லாம் ஒரு ஃபோல்டர்ல சேர்த்தேன், டெமோவுக்கு பாண்டாஸ் வேணும்னு அதையும் சேர்த்து, விண்டோஸ் 64 பிட், பைதான் 3.12, பைனரி மட்டும்னு சொல்லி. அங்க போய் நோ இண்டெக்ஸ், ஃபைண்ட் லிங்க்ஸ்னு ரெண்டு ஆப்ஷன் போட்டா பிப் நெட்டப் பக்கம் போகாம அந்த ஃபோல்டர்லயே தேடும். பென் டிரைவோட காலைல தங்கச்சி பஸ் ஏறிப் போச்சு.

பதினோரு மணிக்கு போன். முதல் சிக்கல் செட்அப்டூல்ஸ். எடிட்டபிளா ஏத்தும்போது பிப் தனியா ஒரு சின்ன என்விரான்மென்ட் போட்டு அதுல செட்அப்டூல்ஸ ஏத்தித்தான் பில்டு பண்ணும், அதை நான் டவுன்லோட் லிஸ்ட்ல சேர்க்கவே இல்ல. டெமோவுக்கு எடிட்டபிள் எதுக்கு, எங்க லைப்ரரியோட வீலும் பென் டிரைவ்ல இருக்கு, அதையே போடுன்னு தாண்டினோம். ரெண்டாவது சிக்கல் கொலரமாங்கற சின்ன பேக்கேஜ். விண்டோஸ்ல பைடெஸ்ட்டுக்கு மட்டும் அது வேணும், லினக்ஸ்ல வேண்டாம். நான் விண்டோஸுக்குன்னு சொல்லித்தான் இறக்கினேன், ஆனா அந்த மாதிரி "விண்டோஸா இருந்தா மட்டும்"ங்கற நிபந்தனைய பிப் ஓடுற மெஷினை வச்சுத்தான் பாக்கும், என்னோடது லினக்ஸ், அதனால சத்தமில்லாம விட்டுருச்சு. 25 கேபி ஃபைல். வாட்ஸாப்ல அனுப்பி, போனை கேபிள்ல மாட்டி லேப் மெஷினுக்கு ஏத்தி, டெமோ முடிஞ்சுது.

அதுக்கப்புறம்

நவம்பர் நடுவுல மூணு மெஷின்லயும் ஒரே டெஸ்ட் ஒரே ரிசல்ட். வாத்தியார் தானே ஒரு டெஸ்ட் எழுதி அனுப்பினாரு, தேதி வழக்கம் பத்தினது, முதல் ஓட்டத்துலயே பாஸ்.

செட்டப் நிலைச்ச பின்னாடிதான் கோட்ல இருந்த நிஜமான தப்புங்க வெளிய வந்துச்சு. அதுல ஒண்ணு: ஒரு நாள் மழை 400 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா டைப்பிங் தப்புன்னு தள்ளிவிடுற மாதிரி நான் எழுதியிருந்தேன். தங்கச்சி ஒரு டெஸ்ட் போட்டுச்சு, 2019 ஆகஸ்ட் அவலாஞ்சி. ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல கொட்டினது. நீலகிரியில உக்காந்துட்டு 400னு எல்லை போட்டதுக்கு எனக்கே சிரிப்பு வந்துச்சு. இப்ப தள்ளிவிடாது, சந்தேகம்னு குறிச்சு மட்டும் வைக்கும்.

மறுபடி செஞ்சா என்ன மாத்துவேன்

எரர்னு யாராவது சொன்னா முதல்ல எழுத்து மாறாம முழு மெசேஜ வாங்குவேன். நெட்டு மோசம்ங்கறது இங்க எப்பவும் உண்மை, அதனாலதான் அது ஆபத்தான காரணம், எதைச் சொன்னாலும் பொருந்திடும்.

எந்த பைதான், லைப்ரரி எந்த பாத்ல இருந்து வருதுங்கற அந்த ரெண்டு வரிய பைடெஸ்ட் முதல்ல படிக்கிற கான்ஃப்டெஸ்ட் ஃபைல்ல முதல் நாளே வச்சிருப்பேன். இப்ப வச்சிருக்கு, பைடெஸ்ட் ஓடும்போதெல்லாம் தலைப்புல அது வந்து நிக்கும். வீல் ஃபோல்டர இறக்குற மெஷின்லயே சோதிக்காம, போய்ச் சேர்ற இடத்துல இருக்குற அதே ஓஎஸ் உள்ள இன்னொரு மெஷின்ல நெட்ட ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவ ஓட்டிப் பார்த்துட்டுத்தான் பஸ் ஏத்துவேன்.

இன்னும் தீராத ஒண்ணு குழு ஆபீஸ் கம்ப்யூட்டர். அதுல விண்டோஸ் 7. அதுல ஓடுற கடைசி பைதான் 3.8, நாங்க ரிசோர்சஸ் படிக்கிற முறையோ 3.9லதான் வந்துச்சு. 3.8க்கான சப்போர்ட்டும் அதே அக்டோபர்ல முடிஞ்சுது, அதனால லைப்ரரிய 3.10ல இருந்துதான்னு வச்சோம். கணக்குப்படி சரியான முடிவுதான், ஆனா இந்த வேலை ஆரம்பிச்சதே அந்த ஆபீஸுக்காக, அங்க மட்டும் அது ஓடாது. இப்பவும் வாரா வாரம் திங்கக்கிழமை ரெஜிஸ்டர் பக்கத்தை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புறாங்க, நான் உக்காந்து டைப் பண்றேன். போன வாரம் ஒரு வரியில 1.5னு இருந்துச்சு, போன் பண்ணிக் கேட்டேன், ஒரு இன்ச்சு அஞ்சு சென்ட்டாம்.